மாப்பிள்ளைக்கு ஒரு ஆரஞ்சு ஜூஸ்

ஆரஞ்சுத் தோலை வெள்ளை நார் ஒட்டாமல் சீவுவதில் என் தங்கையை மிஞ்ச ஆள் இல்லை, அத்தை. எங்கள் பாரில் நான் கலக்குவேன். அவள் சீவிய தோல் கோப்பையின் விளிம்பில் சுருண்டு உட்காரும். பாதி வாடிக்கையாளர்கள் அதற்காகவே வருகிறார்கள்.

நேற்று ஜூஸில் என்ன இருந்தது என்று கேட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை.

ஆரஞ்சு லிக்கர் என்கிற தித்திப்பு மது பார்க்கப் பரம சாது. பிராந்தியோடும் எலுமிச்சைச் சாறோடும் சேர்த்தால் சமர்த்தாக இருக்கும். போதையில் மட்டும் பிராந்திக்குச் சளைத்ததில்லை. தித்திப்பு அதை மூடிவிடும். நாக்கு குழறும்போதுதான் விஷயம் தெரியவரும்.

மாப்பிள்ளை என்று நீங்கள் முதலில் கூட்டிவந்த வங்கி அதிகாரிக்கு, காக்டெயிலில் லிக்கரைத் தாராளமாக விட்டேன். பழைய காதலியின் பெயரைச் சொல்லி அழுதார். அடுத்து வந்தவர் உங்களையே ‘டார்லிங்’ என்றார். ஒருவரின் உள்ளே இருப்பதைப் பார்க்காமல் தங்கையைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா?

நேற்று வந்த பல் டாக்டருக்குக் குடிப்பழக்கமே இல்லை. “எனக்கு வெறும் ஆரஞ்சு ஜூஸ் போதும் மச்சான்” என்றார். வாசனை ஒன்றுதானே, சேர்த்தால் தெரியவா போகிறது?

“பிரமாதம் மச்சான்! இதுல என்ன போட்டீங்க?”

“பாசம்தான்” என்றேன்.

இரண்டாவது கோப்பையில் காது சிவந்தது. உள்ளே இருந்தது வெளியே வந்தது.

“உங்க தங்கச்சிக்குத் தனியா ஒரு பார் வைக்கணும்னு ரொம்ப ஆசையாம் மச்சான், என்கிட்ட சொன்னாங்க. எங்க ஊர்ல நான் வெச்சுக் குடுக்கறேன். அவங்க சிரிச்சிட்டே இருந்தா போதும், எனக்கு வேற எதுவும் வேணாம்.”

தங்கை கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆசையை அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பரீட்சை அத்தோடு முடிந்தது. அவர் தேறிவிட்டார், நானே சொல்கிறேன். மூன்றாவது கோப்பையில் நான் ஜூஸ் ஊற்றவே இல்லை.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. உங்கள் மடியிலேயே வாந்தி எடுத்தார். குடிகாரன் என்று சொல்லி நீங்கள் சம்பந்தத்தை முறித்தீர்கள். தங்கை காலையிலிருந்து கதவைத் திறக்கவில்லை.

அவளிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், அத்தை. இப்படிக் குடிக்கிறவரை நம்பி நான் எப்படி அவளை அனுப்புவேன்?