புள்ளி எங்கே தவறுகிறது?

அவைக்கு அழகு சேர்த்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! அகவையாலும் அனுபவத்தாலும் என்னை விஞ்சி நிற்கும் பெரியோர்களே! பிள்ளையின் பையைத் தோளிலும் பிள்ளையின் பரீட்சையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் கதவோரமே கதியென்று நிற்கும் தந்தைமார்களே! சாக்பீஸ் தூளையே அணிகலனாய் அணிந்த ஆசிரியப் பெருமக்களே! நான் வாய் திறக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்த்துவிட்ட மாணவச் செல்வங்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

மன அழுத்தமும் மாணவர் கற்றலும் என்று தலைப்புத் தந்தார்கள். நான் மனநல மருத்துவர் அல்ல. செவிலியர் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகளாக மருந்தின் அளவைக் கணக்கிடக் கற்றுக்கொடுப்பவள். விடை தெரிந்து இந்த மேடைக்கு வரவில்லை. ஒரு வினா என்னை விடாமல் துரத்தியது, அதனால் வந்திருக்கிறேன்.

எங்கள் கல்லூரியில் ஒரு விதி உண்டு. மருந்துக் கணக்குத் தேர்வில் ஒரே ஒரு விடை தவறினாலும் தோல்வி. மூன்று முறை தோற்றால் படிப்பை விட்டே வெளியேற வேண்டும். கொடுமையா? கொடுமைதான். ஆனால் ஊசி உங்கள் பிள்ளைக்கு என்றால்? ஆமாம் அம்மா, முன்வரிசையில் சட்டென்று முகம் மாறிவிட்டதே, அதற்காகத்தான் அந்த விதி!

இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் படித்தாள். தோழிகள் அவளுக்கு வைத்த பெயர் புள்ளி. தேர்வு எழுத உட்கார்ந்தால் அவளுடைய தசமப் புள்ளி தடம் புரண்டுவிடும். ஒன்றரை பதினைந்தாகும், இருபது இரண்டாகும். இரண்டு முறை தோற்றிருந்தாள். எஞ்சியது ஒரே ஒரு வாய்ப்பு.

ஆனால் அதே பெண்ணைக் குழந்தைகள் வார்டில் பார்க்க வேண்டும்! அழுகிற குழந்தை ஒரு பக்கம், அதட்டுகிற மருத்துவர் ஒரு பக்கம், அலறுகிற தொலைபேசி ஒரு பக்கம். நடுவே நின்று மனக்கணக்காகவே அளவைச் சொல்வாள். ஒருநாளும் பிசகியதில்லை.

எனக்குப் புரியவில்லை. வார்டில் தவறினால் உயிர் போகும். தேர்வில் தவறினால் மதிப்பெண் போகும். எது பெரிது? உயிர் பெரிதென்றால் அவள் கை வார்டில் அல்லவா நடுங்க வேண்டும்? உயிருக்கு நடுங்காத கை, ஒரு தாளுக்கு ஏன் நடுங்குகிறது?

இந்தக் கேள்வியை அன்று நான் ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளவில்லை. அவளைக் கூப்பிட்டு, "வீட்ல புத்தகத்தைத் தொட்டாத்தானே வரும்? அக்கறை இருந்தா இப்படிப் பண்ணுவியா?" என்று கடிந்துகொண்டேன். அவள் தலை குனிந்தாள். என் ஆராய்ச்சி அதோடு முடிந்தது! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரிக்க வேண்டிய ஆராய்ச்சிதான்.

பிறகு ஒரு காலை. கல்லூரிக்கு ஆய்வுக் குழு வந்தது. குழந்தைகள் வார்டில், மாணவிகள் சூழ்ந்து நிற்க, நான் மருந்து தயாரித்துக் காட்ட வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் ஆய்வாளர் ஒருவர் குறிப்பேட்டோடு நின்றார். நான் ஒரு சொல் சொன்னால் அவர் பேனா ஒரு வரி ஓடும். அந்தக் கிறுகிறு சத்தம் என் காதுக்குள்ளேயே எழுதுவது போலிருந்தது.

குழந்தைக்கு வேண்டியது ஐந்து மில்லிகிராம். சீசாவில் ஒரு மில்லிக்குப் பத்து மில்லிகிராம். விடை என்ன? அரை மில்லி. இங்கிருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இருபத்தாறு ஆண்டு அதையே கற்றுக்கொடுத்த நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊசிக்குழலில் ஐந்து மில்லி ஏற்றினேன். பத்து மடங்கு!

சுற்றி நின்ற மாணவிகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மேடம் ஏற்றினால் சரியாகத்தானே இருக்கும்? அப்போது புள்ளி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மேடம், இன்னொரு தடவை சேர்ந்து பார்த்துடலாமா?"

"பார்த்தாச்சும்மா, தள்ளி நில்லு."

அவள் தள்ளவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "குழந்தை ரொம்பச் சின்னது மேடம். இவ்வளவு கொள்ளாது. ஒரே ஒரு தடவை."

பார்த்தேன். அரை இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து! குழலைக் கீழே வைத்தேன். ஆய்வாளர் அதையும் எழுதிக்கொண்டார். எழுதட்டும், அது அவர் கடமை.

அன்று மதியம் அவளை என் அறைக்கு அழைத்தேன். இந்த முறை கடிந்துகொள்ள அல்ல, கற்றுக்கொள்ள.

"பரீட்சையில உனக்கு என்னம்மா ஆகுது?"

சொன்னாள்: "கேள்வித்தாளைப் பிரிச்சதும் அக்கா முகம் வரும் மேடம். அவ படிப்பை நிறுத்திட்டு என்னை அனுப்பினா. எனக்குப் படிப்பு போச்சுன்னா ரெண்டு பேருக்கும் போச்சு. அப்புறம் பின்னாடி உங்க செருப்புச் சத்தம். என் பக்கத்துல வந்து நிக்கும். எழுத்து கண்ணுக்குத் தெரியும், மண்டையில ஏறாது. அக்காவும் நீங்களும் உள்ள வந்தப்புறம் கணக்குக்கு இடமே இல்ல."

"வார்டுல?"

"வார்டுல குழந்தை மட்டும்தானே மேடம் இருக்கு."

கேட்டீர்களா? கவலை இரண்டு இடத்திலும் இருந்தது. வார்டில் அந்தக் கவலை குழந்தையைப் பார்த்தது. தேர்வறையில் அந்தக் கவலை அவளையே பார்த்தது. நோயாளியைப் பார்க்கிற கவலை கண்ணைத் திறக்கிறது. தன்னையே பார்க்கிற கவலை கண்ணைக் கட்டுகிறது. அன்று காலை என் கண்ணைக் கட்டியதும் அதுதானே?

கல்லூரி முதல்வரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

"பரிதாபப்பட்டு பாஸ் போடச் சொல்றீங்களா? நாளைக்கு ஒரு உயிர் போனா?"

"பாஸ் போட வேண்டாம் மேடம். கேள்வியைச் சுலபமாக்கவும் வேண்டாம். ஆனா ஒண்ணு யோசிங்க. வார்டுல ரெண்டு பேர் சேர்ந்து பார்க்காம மருந்து கொடுத்தா குத்தம். பரீட்சையில ரெண்டு பேர் சேர்ந்து பார்த்தா காப்பி! எந்த வேலைக்கு நாம பழக்குறோம்?"

முதல்வர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மாத்தினா என்ன ஆகும்?"

"தெரியல மேடம். தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

ஒரு தேர்வுக்கு மட்டும் அனுமதி தந்தார். புள்ளியின் மூன்றாம் தேர்வு வந்தது. கேள்விகள் அதே கடினம். வழக்கமாக மேசைமேல் ஓடும் நேரம் காட்டும் கருவியை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். நடக்கவில்லை, அறையின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும், விடையைக் காட்டாமல், வழியை மட்டும் தோழியிடம் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கக் கால் மணி நேரம் தந்தோம்.

புள்ளி ஒரு கணக்கைத் தவறாகத்தான் எழுதியிருந்தாள். பாதி சொல்லும்போதே நிறுத்தினாள். "இரு இரு, இது ஒரு குழந்தைக்கு ரொம்ப அதிகம்டி." அடித்துவிட்டுத் திருத்தினாள். தோழி வாயே திறக்கவில்லை.

தேறினாள்! (நன்றி, கைதட்டல் அவளுக்கு.) எல்லோரும் தேறினார்களா? இல்லை. இன்னும் வாய்ப்பு மிச்சமிருந்த இருவர் தோற்றார்கள். அவர்களுக்குப் பதற்றம் இல்லை, பாடமே தெரியவில்லை! அதுவரை நடுங்கியவளையும் படிக்காதவளையும் ஒரே சிவப்பு மையால்தானே வட்டமிட்டேன்? அச்சத்தை அகற்றிய பிறகுதான் அறியாமை எதுவென்று எனக்கே தெரிந்தது. அந்த இருவருக்கும் முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.

ஆசிரியப் பெருமக்களே! பெற்றோர்களே! பிள்ளைக்குத் தெரியவில்லை என்கிறோமே, தெரிந்ததைத் தொட முடியாமல் தவிக்கிறதா என்று ஒருமுறை பார்த்தோமா? மறந்துவிட்டது என்கிறோமே, மறக்கவைத்தது யார் என்று கேட்டோமா? தட்டிக் கேட்கத் தெரிந்த நமக்குத் தணிந்து கேட்கத் தெரியாதா?

முடிவு வந்த நாளில் அவளிடம் கேட்டேன். எத்தனையோ மாற்றம் செய்தோம், எதம்மா உனக்கு உதவியது? சேர்ந்து பார்த்ததா, நேரம் தந்ததா?

"நீங்க உக்காந்தீங்க மேடம்."

அவ்வளவுதான் அன்பர்களே. இருபத்தாறு ஆண்டுப் புலமையில் நான் செய்த ஆகச் சிறந்த செயல், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது! உங்கள் வீட்டிலும் வகுப்பிலும் நாற்காலிகள் உண்டு. பிள்ளையின் தலைக்குமேல் நிற்காதீர்கள். அருகில் உட்காருங்கள். என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள். நான் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பொறுமையோடு செவி தந்த அவைக்கும், கடிகாரத்தை மறந்த மாணவர்களுக்கும் நன்றி கூறி, வணங்கி, நானும் உட்காருகிறேன்.