கடலின் இரு கரைக்கும் ஒரே வகுப்பு நடத்திய உராதா மித்சுயோ அம்மையாருக்கு

“சென்செய், நிமிரலாமா? அவங்க நிமிர்ந்துட்டாங்க.”

“இரும்மா நாகி, திரும்பவும் குனியறாங்க பாரு.”

“நாம இன்னும் குனிஞ்சே இருக்கோம்னு நினைச்சுக் குனியறாங்க.”

“அப்ப நாமளும் இன்னொரு தடவை குனிஞ்சுடுவோம். மரியாதையில நம்ம தீவு தோத்துடக் கூடாது.”

எங்கள் அன்புக்கும் மதிப்புக்கும் உரியவரே, அலைகளுக்கு அப்பாலும் கேட்ட கனிவான குரலே, ஒகினோசே தீவுப் பள்ளியின் பெருமைக்குரிய ஆசிரியையே, உராதா மித்சுயோ அம்மையாரே,

பாராட்டு மடலை வணக்கத்தில் தொடங்குவது முறை. நாங்களும் வணக்கத்தில்தான் தொடங்கியிருக்கிறோம். இப்போது வாசித்தது, மினேகாவா நகரப் பள்ளியோடு நீங்கள் நடத்திய முதல் காணொளி வகுப்பில் உங்களுக்கும், ஆசிரியரை ‘சென்செய்’ என்று அழைக்கும் நம் மாணவி நாகிக்கும் இடையே நடந்த பேச்சு. குனிந்து வணங்கினால், எதிரே இருப்பவர் நிமிரும் முன் தலை நிமிர்த்தக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். படமோ கடலைக் கடந்து சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். இரு பள்ளிகளும் மாறி மாறிக் குனிந்ததில் கணக்குப் பாடத்தில் பாதி கரைந்து போனது. கடைசியில் நீங்கள்தான் திரைக்கு அருகே போய் அந்தப் பக்கத்து தோக்கிதா ஆசிரியரிடம், “நீங்க எங்களப் பாக்கவே வேணாம். ஒரு மணி மட்டும் அடிங்க, நாங்க நிமிர்ந்துக்கறோம்” என்றீர்கள்.

ஐந்தாம் வகுப்பில் நம் பள்ளிக்கு நாகி ஒருத்திதான். அந்தப் பக்கம் ஒரு வகுப்பறை நிறையப் பிள்ளைகள். “சேர்ந்து படிக்கும் பழக்கம் இந்தப் பிள்ளைக்கு வரவில்லை என்றால் வசந்தத்தில் நகரத்து விடுதிக்கு அனுப்பிவிடலாம்” என்று கல்விக் குழு சொல்லியிருந்தது. படகு ஓட்டும் அவள் அப்பாவும், கடற்பாசி உலர்த்தும் அவள் அம்மாவும், ஒற்றை மகளை அனுப்பிவிட்டு வெறும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படியிருந்தும் நாகி திரையில் வாய் திறக்கவில்லை. அவள் சொல்ல வந்தது போய்ச் சேர்வதற்குள் அங்கே வேறு யாராவது சொல்லி முடித்திருப்பார்கள். “நானும் அதேதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். எல்லோரும் அதை அடக்கம் என்றோம். நீங்கள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

மதிய உணவின்போதும் திரை ஓடட்டும் என்றீர்கள். துணைத் தலைமையாசிரியர் குசானோ, “கருவி பாடத்துக்குக் கொடுத்தது, சோறு திங்கறதுக்கு இல்ல” என்றார். “சோறும் பாடந்தான். நீங்களும் தட்ட எடுத்துக்கிட்டு வாங்க” என்றீர்கள். வந்தார். அன்று முதல் அந்த இருக்கையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒருநாள் நகரப் பள்ளியில் ஒரு பிள்ளை வராததால் ஆரஞ்சு ஜெல்லி ஒன்று மிஞ்சியது. வழக்கம்போல் கல், காகிதம், கத்தரி காட்டி, ஜெயித்தவருக்கு ஜெல்லி. “நானும் வரேன்” என்று கை நீட்டினாள் நாகி. ஒவ்வொரு முறையும் அவள் கை திரையில் கடைசியாகத்தான் தெரிந்தது.

“நாங்க என்ன காட்டறோம்னு பாத்துட்டுக் காட்டறா. கள்ளி” என்றான் நகரப் பள்ளிப் பையன் ர்யூசெய்.

“நான் ஒண்ணும் கள்ளி இல்ல. கடல் லேட்டாக் கொண்டு வருது, அதுக்கு நான் என்ன பண்ண?”

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. குசானோவின் கையிலிருந்து சோறு உண்ணும் குச்சி ஒன்று நழுவி விழுந்தது. நீங்கள் சிரிக்கவும் இல்லை, யாரையும் அதட்டவும் இல்லை. “எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுக் கையக் காட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது. கை அப்படியே இருக்கணும்” என்றீர்கள். நாகி ஜெயித்தாள். மறுநாள் படகில் வந்த ஜெல்லி குலுங்கிக் குலுங்கித் தண்ணீராகியிருந்தது. அதைத் திரைக்கு முன்னால் நின்று ஒரே மூச்சில் குடித்தாள்.

அந்த வாரமே கணக்குப் பாடத்தில் எழுந்து நின்றாள். “ர்யூசெய் போட்டது தப்பு. அந்தக் கோணம் அவ்வளவு பெருசா இருக்காது.”

“என் ஜெல்லியக் குடிச்சுட்டு என்னையே தப்புங்கறா பாருங்க சார்” என்று அவன் தோக்கிதாவிடம் முறையிட்டான். ஆனால் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான்.

ஜெல்லிக்காக நீங்கள் வகுத்த விதியே பிறகு பாடத்துக்கும் விதியானது. பிள்ளைகள் சிறு பலகையில் விடையை எழுதிக் கவிழ்த்து வைப்பார்கள். இரு கரையும் எழுதி முடித்த பிறகே பலகைகள் ஒன்றாக உயரும். முந்தியவரும் பிந்தியவரும் இல்லாத அந்த வகுப்பைப் பார்க்க வந்த கல்விக் குழுவினர் விடுதிப் பேச்சை எடுக்காமலே மாலைப் படகில் திரும்பிப் போனார்கள். தூரத்துத் திரையை வகுப்பறை ஆக்க முடியும் என்று நாங்கள் இன்று உறுதியாகச் சொல்கிறோம் என்றால், அந்த உறுதி நீங்கள் தந்தது.

பணி ஓய்வு பெற்று, நாளைக் காலைப் படகில் மினேகாவாவுக்குக் குடிபோகிறீர்கள். உடல் நலத்தோடும் உள்ள மகிழ்வோடும், வலியில்லாத முழங்காலோடும், மனம் போல உறங்கி எழும் காலைகளோடும் நீங்கள் நீடு வாழ வேண்டும் என்று ஒகினோசே தீவுப் பள்ளியின் ஆசிரியர்களும், சமையல்கூடத்தாரும், படகுத்துறையில் நமக்காக இணைய இணைப்புப் பெட்டியைச் சீர்செய்து தருபவர்களும் ஒருமித்துக் கையொப்பமிட்டு வாழ்த்துகிறோம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. தோக்கிதா ஆசிரியருக்கும் இந்த வசந்தத்தில் இடமாற்றம் வந்துவிட்டது. ஏப்ரலில் புதுக் கல்வியாண்டு தொடங்கும்போது இந்தப் பக்கமும் புதியவர், அந்தப் பக்கமும் புதியவர். காத்திருக்கத் தெரிந்தவர் இரு கரையிலும் இல்லை. கல்விக் குழு மறுபடி வரும். நாகிக்கு நம் பள்ளியில் ஆறாம் வகுப்பு என்று இன்னும் ஓர் ஆண்டு படிப்பு இருக்கிறது. உங்கள் புது வீட்டிலிருந்து நகரப் பள்ளி நடந்து போகும் தூரம்தான் என்று விசாரித்து வைத்திருக்கிறோம். நீங்கள் வருவதானால் அவர்களுக்கும் சம்மதம். ஓய்வு பெற்றவரிடம் வேலை கேட்பது அழகல்ல என்று நாங்கள் தயங்கி நின்றபோது, நாகி தயங்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே வாசிக்கிறோம்:

“சென்செய், செவ்வாய்க்கிழமை மட்டுமாவது அந்தப் பக்கத்துல வந்து உக்காருவீங்களா?”