பூஜ்யம் என்பது வெள்ளை

என் கையெழுத்து அழகாக இருக்கும் சார், அதனால் விளக்கத்தை நானே எழுதித் தருகிறேன். தட்டச்சு செய்பவருக்கு எதற்கு வீண் சிரமம்?

பழைய கருப்பு வெள்ளைப் படங்களைக் கலர் வீடியோவாக மாற்றுவது என் வேலை. பழையது என்றால் சாம்பல் நிறம்கூட இல்லாத படம். புள்ளிக்குப் புள்ளி ஒன்று அல்லது பூஜ்யம், அவ்வளவுதான். கலர் வீடியோவில் வெளிச்சத்துக்கு ஓர் எண், நிறத்துக்கு இரண்டு. நிறம் வேண்டாம் என்றால் அந்த இரண்டிலும் நூற்றிருபத்தெட்டு போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த வாரம் நான் பூஜ்யம் போட்டுவிட்டேன். நிர்வாகக் குழுவின் பழைய படம் முழுக்கப் பச்சையாக வந்தது.

"என்னடா இது, நிர்வாகக் குழு மொத்தமும் பாசி புடிச்சுக் கெடக்கு?" என்றார் சீனியர்.

அன்றிலிருந்து என் பெயர் பாசி. மூன்று வருடம். வருகிறவர்களிடம் எல்லாம், "இவன்தான் நம்ம பாசி, பாத்து நடங்க, வழுக்கிரும்" என்பார். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் மரியாதை இல்லை.

சம்பவம் நடந்த அன்று விடுமுறை. பகலில் கட்டிடத்தில் சீனியரும் நானும் மட்டும். மாலை ஆறு மணிக்கு நான் கிளம்பினால் காவல்காரர் வருவார். அறுபத்தைந்து வயது, பஞ்சுத் தலை, பூட்டிய கதவையே மறந்துபோய் மூன்று முறை பூட்டுகிறவர். என்னைத் தம்பி என்று கூப்பிட்ட ஒரே ஆள். எனக்கு அவரைப் பிடிக்கும்.

சரக்கு லிஃப்ட் பழுதாகி மேல்மாடியில் நின்றிருந்தது. சீனியர் எப்போதும் தள்ளுவண்டியை இழுத்தபடி பின்பக்கமாகத்தான் லிஃப்டுக்குள் நுழைவார். நான் கதவைத் திறந்து வைத்தேன். தடுப்புக் கட்டையை ஓரமாகச் சாய்த்தேன்.

"லிஃப்ட் சரியாயிடுச்சு, அண்ணே."

"பரவால்லடா பாசி, உருப்படியா ஒண்ணு சொன்ன."

மறுநாள் காலையில்தான் லிஃப்ட் குழியின் அடியில் அவரைக் கண்டெடுத்தார்கள்.

நடைவழிக் கேமரா என்னைவிட மூத்தது. அதன் கடிகாரம் என்றோ நின்றுபோனது. நான் கட்டையை நகர்த்தும்போது முதுகுப்பக்கமாக நான்கு படம் எடுத்துவிட்டு, நினைவகம் நிரம்பி ஓய்ந்துவிட்டது. அந்த ரகத்தைத் திறக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று உங்கள் ஆட்களே என்னிடம் கொண்டுவந்தார்கள். திருடன் கையில் சாவி என்று சிலர் சொல்லக்கூடும். நான் சொல்ல மாட்டேன், காவல்துறையை மதிக்கிறவன்.

சில கேமராக்களில் பூஜ்யம் கருப்பு, சிலவற்றில் வெள்ளை. எது என்று கோப்பில் எழுதியிருக்காது. மாற்றுகிறவன்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கேமராவில் பூஜ்யம் வெள்ளை. நான் கருப்பு என்று வைத்தேன். உடனே ஜன்னலில் தெரிந்த பகல் இரவானது. என் வெள்ளை மேலங்கி கறுத்துக் காவல்காரர் சீருடையானது. என் தலை நரைத்தது. சீருடைக்குக் கொஞ்சம் நீலம் ஏற்றியிருக்கலாம்தான், ஆனால் அது மோசடி. நிறத்துக்கு நூற்றிருபத்தெட்டுதான் போட்டேன்.

காவல்காரருக்கு வீடியோவைப் போட்டுக் காட்டியபோது நானும் இருந்தேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என் தல மாதிரிதான் இருக்கு. நானா தம்பி இது? ஒண்ணுமே ஞாபகம் இல்லையே."

"படம் பொய் சொல்லாதுங்க, பெரியவரே" என்றேன்.

ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். தண்டனையும் விழுந்தது. அவர் மகள் மேல்முறையீடு செய்து, அது விசாரணைக்கு வருவதற்குள் பெரியவர் சிறையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். போன வாரம் நிபுணர் அறிக்கை வந்தது. படம் தலைகீழாக மாற்றப்பட்டிருக்கிறதாம், "மாற்றியவரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை"யாம். அந்த வரியை நான்கு முறை படித்தேன். பகல் என்றால் கட்டிடத்தில் யார் இருந்தார்கள் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. சின்ன விளக்கம் போதும் என்றுதான் கூப்பிட்டீர்கள்.

நேற்று அந்த மகள் வீடு தேடி வந்தாள். "தெரியாம நடந்த தப்புதானே அண்ணா, மனசுல வச்சுக்காதீங்க" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனாள்.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அது தப்பு இல்லை சார். நான்கு படங்கள், ஒவ்வொரு புள்ளியும் நான் நினைத்தபடியே வந்தது. சீனியரைக் கொன்றது நான்தான், குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் அந்தக் கவனக்குறைவை மட்டும் அடித்துவிடுங்கள்.

பெரியவர் விஷயத்தில் எனக்குச் சம்பந்தம் இல்லை. அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவராகவேதான் ஒப்புக்கொண்டார்.