ஒஸ்வால்ட் பாஸ் போட்ட கயிறு

மேடையில் வீற்றிருக்கும் படகுக் கழகத் தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, கணவர் ஒஸ்வால்ட் பாஸை இழந்து முன்வரிசையில் இருக்கும் மயிலம்மா தங்கச்சியே, கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் இருந்து வந்த சொந்தங்களே! பௌஸியின் ஸலாமும் வணக்கமும். இதை நானே எழுதினேன். மெதுவாகத்தான் வாசிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் எங்கள் ஒஸ்வால்ட் பாஸ்? கழகத்தின் தச்சர், பிள்ளைகள் ஓட்டிப் பழகும் ஆறு பாய்ப்படகுகளை முப்பது வருடம் கட்டிக் காத்தவர்! அவருக்கு உதவியாக ஆணி எடுத்துக் கொடுத்தவன் நான்.

பாய்ப்படகின் நடுவே ஒரு பலகை தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். அது இல்லாவிட்டால் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஆழம் குறைந்த இடத்தில் அதை உடனே தூக்கவேண்டும். எங்கள் படகுகளில் எப்படித் தூக்கினோம்? சுக்கானை விட்டுவிட்டு, நடுவில் போய்க் குந்தி, ஓர் இரும்புப் பிடியை இருபத்திரண்டு தடவை சுற்றினோம்! மணல்திட்டு அதுவரை காத்திருக்குமா?

பாஸ் ஒரு படகில் அந்தப் பிடியைக் கழற்றினார். நான்கு கப்பி பூட்டி, கயிற்றைச் சுக்கான் பிடிப்பவரின் கைக்கே கொண்டுவந்தார்.

"பௌஸி நானா, ஒரு கையால இழுத்துப் பாருங்க."

"என்னத்துக்கு பாஸ், கிழவன்ட இடுப்ப உடைக்கப் பாக்கிறீங்க?"

"உடைஞ்சா அதுக்கும் ஒரு கப்பி போட்டுத் தாறன்!"

இழுத்தேன். பலகை எழுந்தது! விட்டேன். இறங்கியது! எழுபத்தொரு வயதில் சின்னப் பிள்ளை போலத் துள்ளினேன்.

தலைவர் அவர்களே, நீங்கள் என்ன செய்தீர்கள்? "பந்தய விதிக்கு மாறானது, பழையபடி பிடியைப் பூட்டு" என்றீர்கள். எந்தப் பந்தயம்? ஒன்பது வருடமாக அந்தப் படகு பந்தயத்தைக் கண்டதுண்டா? "சேர், சின்னப் பிள்ளையள் போற படகு சேர்" என்று அவர் கெஞ்சினார். நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்தீர்கள்.

வெள்ளிக்கிழமை பாஸ் தன் கையாலேயே கயிற்றைக் கழற்றி இரும்புப் பிடியைப் பூட்டினார். ஞாயிறு காலை அதைச் சோதிக்கக் களனி ஆற்றுமுகத்துக்குத் தனியாகப் போனார். பலகை மணலில் குத்தியது. சுக்கானை விட்டு நடுவுக்குப் போனார். காற்று திரும்பி அடித்தது. படகு கவிழ்ந்து, பாய்க்கு அடியில் அகப்பட்டார். கரையில் நின்று கத்தினேன். என் சத்தம் யாரைத் தூக்கும்?

மூன்றாம் நாள் கழக வாசலில் உங்கள் அறிக்கை ஒட்டப்பட்டது. இந்த வருடம்தான் நான் எழுத்துக் கற்றேன். பஸ் பெயர்களையும் கடைப் பலகைகளையும் வாசித்து வாசித்துத் தனியே சிரித்துத் திரிந்தவன். அதே சந்தோசத்தோடு போய் நின்று, எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். 'ஓட்டியவரின் கவனக்குறைவு.' அவ்வளவு நீளமான ஒரு சொல்லை நான் முதன்முதலாக வாசித்தது இதற்குத்தானா? யாருடைய கவனக்குறைவு, தலைவர் அவர்களே?

வரும் சனிக்கிழமை பிள்ளைகள் மறுபடி படகேறப் போகிறார்கள். ஆறு படகிலும் அதே இரும்புப் பிடிதான்! இன்னொரு இரங்கல் கூட்டத்துக்கு நாற்காலி அடுக்கவா நாம் இருக்கிறோம்?

அவர் கழற்றி வைத்த கயிறும் கப்பிகளும் படகுக் கொட்டகைக்குள் கிடக்கின்றன. எந்தக் கப்பி எங்கே, எந்த முடிச்சு எப்படி என்று என் கைக்குத் தெரியும். ஒன்றை அவர் செய்து காட்டினார். ஆறையும் நான் செய்து முடிப்பேன். இது என் அஞ்சலி.

அவர் இறந்த அன்றே கொட்டகையைப் பூட்டினீர்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. மலர்வளையம் போதும், தலைவர் அவர்களே. சாவியை எடுத்து இந்த மேசையில் வையுங்கள். வைக்கும்வரை நான் இந்த மைக்கை விட்டு நகரமாட்டேன்.