பெட்டிமேல் கிடந்த ஈரத்துண்டுகள்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே, அனுபவத்தில் மூத்த பெரியோர்களே, வெயிலை முதுகிலும் வீட்டைத் தோளிலும் சுமக்கும் தாய்மார்களே! விடை தெரியாத ஒரு கேள்வியோடு உங்கள்முன் நிற்கிறேன். இந்தக் களத்தின் வெப்பமானி தப்பாகக் காட்டுகிறது என்று தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தவர் யார்?

எனக்குத் தெரியாது. சந்தேகம் மட்டும் இருக்கிறது. கல்லூரியில் வானிலை பற்றிப் பாடம் நடத்துகிறவளுக்குச் சந்தேகப்படுவதுதான் தொழில்.

மழை மாறிவிட்டது, மக்களே! வரவேண்டிய மாதத்தில் வருவதில்லை. வந்தால் ஒரே நாளில் கொட்டிவிட்டு ஓடிவிடுகிறது. கிணறு வறண்டது, கிளை வறண்டது, காற்றும் வறண்டது. ஒவ்வொரு கோடையும் முந்தைய கோடையை மிஞ்சுகிறது. ஆனால் சிமென்ட் கல் வார்க்கும் இந்தக் களத்தில் மட்டும் கோடை குளிர்ந்துவிட்டதாம்! வெப்பம் நாற்பது டிகிரியைத் தொட்டால் மணி அடித்து வேலையை நிறுத்த வேண்டும் என்பது இங்குள்ள விதி. போன கோடையில் ஒலித்த மணி இந்தக் கோடையில் ஊமையானது ஏன்?

இங்கே கல் சுமக்கும் என் அண்ணி போன வாரம் மயங்கி விழுந்தார். "மணி அடிக்கலையா அண்ணி?" என்று கேட்டேன்.

"எங்க அடிச்சாங்க? மேஸ்திரி பெட்டியப் பாத்துட்டு, 'இன்னும் நாப்பது ஆகலம்மா, ஏன் நடிக்கிற?'ன்னாரு. வெயிலே அவரைக் கேட்டுத்தான் ஏறணும் போல!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். பிறகு வந்து பார்த்தேன். வெப்பமானியை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். மாற்றவில்லை. அதை வைத்திருக்கும் வெள்ளை மரப்பெட்டியும் அதே இடத்தில்தான் இருந்தது. பெட்டியின் மேலே துண்டு, பக்கத்தில் துண்டு, சுற்றிலும் துண்டு. எல்லாம் ஈரத்துண்டு!

போட்டது யார்? நீங்கள்தான், தாய்மார்களே! மதியம் தலையில் போர்த்துவதற்காக, தேநீர் இடைவேளையில் துண்டை நனைத்து மரக்கிளையில் போடுவது உங்கள் வழக்கம். வறட்சியில் மரங்கள் பட்டுப்போயின. மிஞ்சியது அந்தப் பெட்டி. ஈரம் காயக் காயப் பெட்டி குளிர்ந்தது; உள்ளே வெப்பமானி குளித்துக்கொண்டிருந்தது. வெளியே மனிதர்கள் வெந்துகொண்டிருந்தார்கள்!

"எங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். உங்களுக்குத் தெரியாது, அக்கா. நம்புகிறேன். ஆனால் தினமும் அந்தத் துண்டை விலக்கித்தானே மேஸ்திரி பெட்டிக் கதவைத் திறந்தார்? விலக்கிய கை அதை எடுத்து வேறிடத்தில் போடவில்லையே, ஏன்? மறதியா? மரியாதையா? மணி அடிக்காவிட்டால் மாலைக்குள் இன்னும் கொஞ்சம் கல் கிடைக்கும் என்ற மகிழ்ச்சியா? மேலாளர் தலையாட்டுகிறார். ஆம் என்றா, இல்லை என்றா? அதுவும் எனக்கு விளங்கவில்லை.

வார்த்த கல் வெடிக்காமலிருக்க வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறோம். வார்த்தவர் வெடிக்காமலிருக்க என்ன செய்கிறோம்? கல்லுக்குக் கிடைக்கும் கரிசனம் கல் சுமக்கும் கைகளுக்குக் கிடையாதா? நாளைக் காலை அந்தத் துண்டுகளை எடுங்கள். துணி போட ஒரு கொடி கேளுங்கள். மணி அடித்தால் உட்காருங்கள். அடிக்காவிட்டால், ஏன் என்று கேளுங்கள். களம் அதிரக் கேளுங்கள்!

இவ்வளவு புழுக்கத்திலும் எழுந்து போகாமல் கேட்டீர்களே, அந்தப் பொறுமைக்கு நன்றி. அதே பொறுமையை வேறெங்கும் காட்டாதீர்கள் என்ற வேண்டுகோளோடு, வணக்கம்.

கூட்டத்துக்கு மறுநாள் நடந்ததை, இந்தப் பேச்சின் அடியில் எழுதி வைக்கிறேன். துண்டுகளை எடுத்துவிட்டார்கள். உச்சிக்கு முன்பே மணி அடித்தது. எல்லோரும் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாகப் பெட்டியை நோக்கி நடந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க மேஸ்திரி?" என்று அண்ணி எழுந்து போய்க் கேட்டார்.

"பெட்டியெல்லாம் ஒரே தூசிம்மா. தொடைக்கலாம்னு."

அண்ணி வாளியை வாங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். வெறும் வாளியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இப்பத் தொடைங்க."