ஆயிரத்து நானூற்றுப் பதின்மூன்றாவது நாள்

எனக்கு மதியச் சாப்பாடு சரியாகப் பன்னிரண்டரைக்கு வேண்டும். முப்பது வருடப் பழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றேகால் ஆகிவிட்டது. ஏன் என்றுதான் நீங்கள் எழுதித் தரச் சொல்கிறீர்கள்.

வரைபடப் பிரிவில் பென்சில் சீவித் தொடங்கியவன் நான். படிப்படியாக ஏறி, கார் கதவுகள் அடித்துத் தரும் அந்தத் தொழிற்சாலைக்கே நிர்வாக இயக்குநரானேன். பொறுப்பேற்றதும் வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை வைத்தேன். காவலாளி தினமும் காலையில் எண்ணை ஒன்று கூட்டி மாட்டுவார். அதோடு பூட்டு விதியும் கொண்டுவந்தேன். பழுது பார்க்க மெஷினுக்குள் இறங்குபவர் மெயின் சுவிட்சை அணைத்து, தன் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டை அதில் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்வரை சுவிட்ச் பூட்டியே இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. பூட்டோடு வரும் இரண்டாவது சாவியை நானே வாங்கி, நானே ரம்பத்தால் அறுத்துவிடுவேன்.

என் தம்பியின் சாவியை மட்டும் அறுக்கவில்லை. அவன்தான் பராமரிப்புப் பிரிவின் தலைவன். சின்ன வயதிலிருந்தே எதையும் தொலைத்துவிட்டு வந்து நிற்பான். அவன் பள்ளிக்கூட சைக்கிளுக்கு மாற்றுச் சாவி என் பென்சில் டப்பாவில்தான் இருக்கும். அதே பாசத்தில் இதையும் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

பலகையில் 1,409 இருந்த வியாழக்கிழமை, தகட்டை அடித்துக் கதவாக்கும் பெரிய பிரஸ்ஸில் பிரேக் பிடிக்காமல் மேல்பாரம் இறங்கிவிட்டது. 'மீசை' என்று நாங்கள் கூப்பிடும் ஆபரேட்டரின் வலது கை மணிக்கட்டு வரை போனது. துண்டாகவில்லை; தகடோடு தகடாகத் தட்டையானது. அவர் கத்தவில்லை. "சார், கையைக் காணோம் சார்" என்று என்னிடமே சொன்னார்.

ஆம்புலன்ஸ் வந்தால் வாசல் பதிவேட்டில் ஏறிவிடும். மறு வாரம் எனக்குப் பாதுகாப்பு விருது. அதையொட்டிக் குழுமத் தலைவர் பதவி. எனவே மீசையை வேனில் பின்வாசல் வழியாக அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே கார் ஜாக்கி நழுவிக் கை நசுங்கியதாகச் சொல்லி, பிறகு ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னேன். நாற்பது நிமிடம்தான் கூடுதல். தம்பி ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது வேனின் தரை முழுக்க ரத்தம். மீசைக்கு உயிர் இல்லை.

ஞாயிறு மதியம் தம்பி அந்தப் பிரஸ்ஸின் பிரேக்கைக் கழற்ற ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். கூட இருந்த ஃபிட்டர்கள் இருவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் பார்க்கப் போனேன்.

"அண்ணே, நாளைக்கு மீசையோட சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு போலீஸுக்குப் போறேன்."

"போய் என்னடா சொல்லுவே?"

"நடந்ததைச் சொல்லுவேன். வழியெல்லாம் 'இன்னும் எவ்வளவு தூரம் தம்பி'ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு அந்த மனுஷன். உன் காதுல விழுந்திருந்தா தெரியும்."

"விருது முடியட்டும்டா."

"அந்தப் பலகையைக் கழட்டி உன் கழுத்துல மாட்டிக்க. விருதைவிட எடுப்பா இருக்கும்." சிரித்தான். பூட்டை மாட்டி, ஒருமுறை இழுத்துக் காட்டினான். "பாத்துக்க சாமி, உன் விதிப்படிதான் பூட்டியிருக்கேன்." இறங்கிவிட்டான்.

அறைக்குப் போய்ச் சாவியை எடுத்துவந்தேன். அவசரப்படவில்லை.

மோட்டார் வேகமெடுக்க இருபது நொடி ஆகும். "யாருடா அது, உள்ள ஆள் இருக்கேன்" என்று கத்தினான். அப்புறம் "அண்ணே" என்றான். என்னைத் தெரிந்துகொண்டு சொன்னானா, உதவிக்குக் கூப்பிட்டானா என்று இன்றும் யோசிக்கிறேன். அவன் வெளியே தவழ்ந்து வரும்போது, மேல்பாரத்தை இறக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். முதல் அடி இடுப்புக்குக் கீழேதான் விழுந்தது. கை தரையைப் பிறாண்டியது, வாய் அசைந்தது. அவன் வேதனைப்பட்டால் எனக்குத் தாங்காது. கையைப் பிடித்து ஓரடி உள்ளே தள்ளிவிட்டு, இரண்டாவது முறை அழுத்தினேன்.

பிறகு சுவிட்சை அணைத்தேன். அவன் பூட்டைத் திரும்ப மாட்டிப் பூட்டினேன். அறைக்கு வந்து, கை கழுவி, சாப்பிட்டேன்.

பூட்டு பூட்டியபடி இருக்க, அவன் சாவி அவன் பையிலேயே நசுங்கிக் கிடக்க, மெஷின் எப்படி ஓடியது என்றுதானே முதலில் கேட்டீர்கள்? பூட்டைக் கீழே போட்டிருந்தால் அவன் மறந்துவிட்டான் என்று எல்லாரும் நம்பியிருப்பார்கள். எனக்கும் தெரியும். ஆனால் உள்ளே ஆள் இருக்கிறான். சுவிட்சைப் பூட்டாமல் எப்படி விட்டுவிட்டு வருவது?

தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு அப்பா ஸ்தானத்துல இருந்தீங்களே மாமா" என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. அந்த சைக்கிள் சாவி இப்போதும் என் வீட்டில் இருக்கிறது; அதை மட்டும் வழக்குப் பொருளாக எடுத்துப் போய்விடாதீர்கள்.

இன்னும் ஒன்று. திங்கள் காலையில் காவலாளி பலகையில் பூஜ்யம் மாட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது தவறு. மீசை இறந்தது வேனில், தொழிற்சாலைக்கு வெளியே. தம்பி விஷயத்தில், விபத்து என்றால் யாரும் நினைக்காமல் நடப்பது. நான் நினைத்துத்தான் செய்தேன். 1,413 என்று மாற்றி மாட்டச் சொல்லுங்கள்.