இருமல் இல்லாத குரல்

முதலில் அந்த மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், மேடம். வியர்க்கும், தெரியும். ஆனால் அது சுற்றும்போது ஒரு கிறீச் வருகிறது. நாளைக்கு நீங்கள் பதிவைப் போட்டுக் கேட்டால் என் வாக்குமூலத்தைவிட அதுதான் தெளிவாக இருக்கும். அந்த ஃபோனையும் வெறும் மேஜையில் வைக்காதீர்கள். அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துப் போடுங்கள். இப்போது சரி. தொடங்கலாம்.

சபையில் எனக்குப் பெயர் 'காது'. போதகர் வைத்தது. வீட்டில் எனக்கு வேறு பெயர் உண்டு. அக்கா என்னை எருமை என்றுதான் கூப்பிடுவாள். அவள் திட்டினால் எனக்கு உறைக்காது, எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நிற்பேன் என்பது அவள் குறை. அவளுக்கு அன்பும் திட்டாகத்தான் வரும். அம்மா அப்பா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். திட்டித்தான் வளர்த்தாள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் சபை வாசலில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளவே தனியாகக் காவலர்களை நிறுத்துகிறீர்கள். அந்தச் சபை ஒரு டயர் கடையின் பின்பக்கக் கொட்டகையில்தான் தொடங்கியது. தகரக் கூரை. மழை வந்தால் பிரசங்கம் காதில் விழாது, பாட ஆரம்பித்துவிடுவோம். போதகர் அதற்கு முன் ஆயுள் காப்பீடு விற்றவர். 'நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்' என்று தொடங்கும் பேச்சு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நல்ல மனிதர். பசித்தவர்களுக்குத் தன் தட்டை நகர்த்திக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒரு ஒலிபெருக்கி தேவைப்பட்டது, எனக்குக் கொஞ்சம் ஒயர் வேலை தெரியும். அப்படித்தான் உள்ளே வந்தேன்.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். துணி ஆலையில் வேலை. பஞ்சு நெஞ்சை அரித்திருந்தது. இருமினால் கைக்குட்டையில் ரத்தம். அவள் புருஷன் அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் வேலைக்குப் போனவர்தான், இன்னும் வேலையிலேயே இருக்கிறார் போலும். கையில் சின்னப் பெண் குழந்தை. கொட்டகையில் எல்லாரும் அவளைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். ஒரு மழைக்காலம் போனது. அக்கா எழுந்தாள், மூச்சு வாங்காமல் பாடினாள். அன்றைக்கு நான் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

தான் சுகமான கதையைச் சபை முன்னால் நின்று சாட்சியாகச் சொன்னாள். அதை நான் கேசட்டில் பதிவு செய்தேன். "ஜெபமும் பண்ணேன், ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரையும் விடாம போட்டேன். ரெண்டுலயும் அவர் கை இருக்கு," என்று சொன்னாள். கேசட்டில் பாட்டும் சேர வேண்டும், போதகரின் அழைப்பும் சேர வேண்டும். எதையாவது குறைக்க வேண்டியிருந்தது. மாத்திரையைக் குறைத்தேன்.

அக்கா போட்டுக் கேட்டுவிட்டு, "எருமை, நான் சொன்னதுல பாதியக் காணோமே?" என்றாள்.

"டேப்புல இடம் இல்லக்கா."

"பாட்டுக்கு இடம் இருக்கு, மாத்திரைக்கு மட்டும் இல்லையாக்கும்?" என்று சிரித்தாள். அவ்வளவுதான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

அந்தக் கேசட் எங்கள் எல்லாரையும்விட வேகமாக நடந்தது. பேருந்தில் ஓடியது, முடிதிருத்தும் கடையில் ஓடியது, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவர் மடியில் வைத்து ஓட்டினார். வரிசையில் நின்றவர்கள் வரிசையை விட்டு எங்களிடம் வந்தார்கள். கொட்டகை பிதுங்கியது. மூடிக் கிடந்த ஒரு சினிமாக் கொட்டகைக்கு மாறினோம். அங்கே எதிரொலி பெரிய தொல்லை. போதகர் ஒருமுறை 'வா' என்றால் சுவர் மூன்று முறை 'வா' என்றது. திரைச்சீலைகளைத் தொங்கவிட்டு அதை அடக்கினேன். பிறகு தொலைக்காட்சி வந்தது, பாடகர் குழுவுக்குச் சீருடை வந்தது, பிள்ளைகளுக்குத் தனி அறை, கார்களுக்குத் தனி மைதானம். ஒவ்வொரு படியிலும் அக்காதான் முன்னால். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது அவள் சாட்சியைத்தான். சாலையோரப் பலகையில் போதகர் முகத்துக்குப் பக்கத்தில் அவள் முகம் இருந்தது.

தையல்காரர் ஒருவர் தன் மனைவியின் மாத்திரைகளை மேடைக்குக் கொண்டுவந்து கொட்டினார். கைதட்டல் அருமையாகப் பதிவானது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவர் தனியாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். பிறகு வரவில்லை. அவருடைய எதிர்வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏதோ சொன்னார். நான் அப்போது ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு நோய் திரும்பியதை முதலில் தெரிந்துகொண்டவன் நான். அவளுக்கே அப்புறம்தான் தெரியும். இருமலுக்கு முன்னால் மூச்சு மாறும், மேடம். வாக்கியத்தின் கடைசியில் ஒரு சின்னச் சரசரப்பு, காய்ந்த இலையை மிதித்த மாதிரி. ஹெட்போனில் கேட்டால் தப்பாது. நான் அதைத் துடைத்து எடுத்தேன். பிறகு இருமல் வந்தது, அதை வெட்டினேன். தொலைக்காட்சியில் அவள் குரல் முன்பைவிட நன்றாக இருப்பதாக எல்லாரும் சொன்னார்கள்.

ஒருநாள் மதியம் என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். "டேய், என்னமோ நெஞ்சுல கனமா இருக்கு. உன் காதுதான் ஊசி விழுந்தாலும் கேக்குமே, நீ கேட்டுச் சொல்லேன். கெட்டதா கேட்டா நாளைக்கே டாக்டர்கிட்ட போயிடறேன்."

அவள் முதுகில் மைக்கை வைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். மூச்சை இழுக்கச் சொன்னேன். உள்ளே கொதிக்கும் தண்ணீர்ச் சத்தம். ரொம்ப நேரம் கேட்டேன்.

"கண்ணாடி மாதிரி இருக்குக்கா," என்றேன்.

"உன் வாய்க்குச் சக்கரை போடணும்," என்று என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். படி இறங்கும்போது பாடிக்கொண்டே போனாள். அந்தப் பாட்டை இன்றைக்கும் என்னால் கேட்க முடிவதில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்கள் முகம் கேட்கிறது. அந்தச் சமயம்தான் புதிய மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. கடனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த விசுவாசிகள் இருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு சபை ஊழியத்துக்கு வந்தவர்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் நின்றது அவள் நெஞ்சின்மேல். ஒருத்தியின் மூச்சா, அத்தனை பேரின் நம்பிக்கையா என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன்.

திறப்பு விழாவுக்கு அவள் சாட்சியைப் பெரிய திரையில் போடுவதாக ஏற்பாடு. அதற்காகப் புது மண்டபத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பதிவு அறைக்கு வந்தாள். அந்த அறையை நானே கட்டினேன். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்தச் சுவர்களுக்குக் கிடையாது, அத்தனை கனமாகப் பஞ்சு வைத்து அடைத்திருந்தேன். நடுவில் இரட்டைக் கண்ணாடி, இந்தப் பக்கம் நான். பதிவின்போது ஆட்கள் தெரியாமல் கதவைத் திறந்து கெடுத்துவிடுகிறார்கள் என்பதால் வெளியே ஒரு தாழ்ப்பாள். காற்றுக் குளிரூட்டியையும் நிறுத்திவிடுவேன், சத்தம் வரும். ஒவ்வொரு பதிவுக்கும் இதுதான் வழக்கம். அவளுக்கென்று நான் தனியாக எதுவும் செய்யவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா பேசினாள். "அன்னைக்கு நான் சுகமானேன்னு சொன்னது பொய் இல்ல. இன்னைக்கு அது திரும்ப வந்துடுச்சுன்னு சொல்றதும் பொய் இல்ல. நான் ஆஸ்பத்திரிக்குப் போகப் போறேன். மாத்திரை போடறவங்க யாரும் நிறுத்தாதீங்க. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

நான் என் பக்கத்து மைக்கில், "அக்கா, இது வேணாம். பழையபடி சொல்லு," என்றேன்.

"மாட்டேன். இத்தன நாள் என் வாயில பாதியத்தான் நீ வெளிய விட்ட. செத்துப்போன அந்தத் தையல்காரர் பொண்டாட்டி முகம் என்னைத் தூங்க விட மாட்டேங்குது. கடவுளுக்கு என் பொய்யெல்லாம் தேவையில்லடா. உனக்குத்தான் தேவை."

பிறகு இருமல் வந்தது. நிற்கவில்லை. கையை வாயில் வைத்தாள், கை சிவந்தது. எழுந்து கதவுக்குப் போனாள். கதவைத் தட்டினாள். கண்ணாடிக்கு வந்தாள். நான் அவள் குரலுக்கான ஒலிக் குமிழைக் கீழே இறக்கினேன். அதன்பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை. சத்தம் இல்லாமல் பார்த்தால் யாராக இருந்தாலும் பாடுகிற மாதிரிதான் இருக்கும், மேடம். வாய் திறக்கிறது, மூடுகிறது. கண்ணாடியில் உள்ளங்கை.

மேடைக்கு அடியில் வெற்றிடம் இருந்தால் பாடகர் குழு கால் வைக்கும்போதெல்லாம் திம் திம் என்று அதிரும். அதனால் மரப்பலகைக்குக் கீழே காய்ந்த மணலைக் கொட்டி நிரப்புவது முறை. புது மண்டபத்தில் அந்த வேலை பாதியில் இருந்தது. ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா ரொம்ப இளைத்திருந்தாள், தூக்கும்போதுதான் தெரிந்தது. சிறு வயதில் அவள் என்னைத் தூக்கிய கணக்கு அதோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். மரியாதையாகத்தான் வைத்தேன். ஜெபமும் செய்தேன்.

போதகரிடம் அக்கா வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்பட்டுவிட்டாள் என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லது," என்றார். எந்த நாடு என்று இதுவரை அவர் கேட்கவில்லை. திறப்பு விழாவில் பழைய சாட்சியைத் திரையில் போட்டேன். மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அவள்மேல் நின்று பாடகர் குழு பாடியது. அந்த இடத்தில் மட்டும் மேடை துளிகூட அதிர்வதில்லை.

அக்கா மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வாயாடி. நாங்கள் அவளைக் கூப்பிடுவதே அப்படித்தான். அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், அதனால் மகளுக்குக் குரல் செய்திதான் அனுப்புவாள். அது நிற்கக் கூடாது. என்னிடம் அக்காவின் குரல் வருஷக்கணக்கில் இருந்தது. ஒரு சாட்சியிலிருந்து 'மகளே', இன்னொன்றிலிருந்து 'நல்லா இருக்கேன்', வேறொன்றிலிருந்து 'கவலைப்படாத'. ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் ஒட்டினேன். என் வாழ்நாளில் நான் செய்த மிக நல்ல வேலை அது. சில சமயம் நானே அதைப் போட்டுவிட்டு, "சரிக்கா," என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஒரு குறை. மேடையில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. வாயாடியிடமிருந்து செய்தி வந்தது: "என்னம்மா, ஊழியத்துக்குப் போனதும் ரொம்ப நல்லவளாயிட்டியா? என்னைத் திட்டி எத்தன மாசமாச்சு தெரியுமா? ஒரே ஒரு தடவை திட்டும்மா. அழுகையா வருது."

அத்தனை பதிவுகளையும் தேடினேன். ஜெபம் இருந்தது, கண்ணீர் இருந்தது, பாட்டு இருந்தது. திட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அன்றைக்குப் பதிவு அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. குமிழை இறக்கினாலும் பதிவு நிற்காது. பிறகு போட்டுப் பார்த்தபோதுதான் கேட்டேன். கண்ணாடியில் கை வைத்து அவள் சொன்னது. இருமலை வெட்டினேன், மூச்சிரைப்பை வெட்டினேன், தட்டும் சத்தத்தை வெட்டினேன். மிச்சம் இருந்ததை அனுப்பினேன்.

"எருமை, காது கேக்கலையா?"

மறுநாளே வாயாடி வந்துவிட்டாள். என் அறையில் நின்று ஃபோனை என் காதருகே பிடித்தாள். அவளுக்கு அக்காவின் கண்.

"மாமா, எங்கம்மா என்னை எப்பவாவது எருமைன்னு கூப்பிட்டிருக்காங்களா? அது உங்க பேரு. இதுல அவங்க மூச்சே விடல. மூச்சு விடாம யாரு மாமா பேசுவா?"

நான் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன். அவள் உங்களிடம் வந்தாள். சரியாகத்தான் செய்தாள். உங்கள் ஆட்கள் மேடையைப் பெயர்க்கும்போது இடது ஓரத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பலகையைக் கடப்பாரையால் அடிக்க வேண்டாம். காலி மண்டபத்தில் நான் மைக்குகளைச் சோதிக்கும்போதெல்லாம் அங்கிருந்து ஓர் இருமல் வருகிறது. ஒயரை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், போகவில்லை. என்னால் வெட்ட முடியாத இருமல் அது ஒன்றுதான்.

முடிப்பதற்கு முன் ஒரு திருத்தம். குமிழை இறக்கிய பிறகு எதுவும் கேட்கவில்லை, பிறகு போட்டுப் பார்த்தபோதுதான் கேட்டேன் என்று சொன்னேன் அல்லவா? உங்கள் ஆள் யாராவது அந்த இயந்திரத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார், அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் குமிழ் என் பக்கத்து அறையில் உள்ள ஸ்பீக்கரைத்தான் அடக்கும். ஹெட்போனுக்கு வேறு வழி. அன்றைக்கு நான் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. தட்டுவது நின்று, மூச்சு நின்று, அதற்கப்புறம் அந்த அறை எவ்வளவு சுத்தமாக, இரைச்சலே இல்லாமல் இருக்கிறது என்று பார்ப்பதற்காக இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும், மேடம்.